ஷேக்ஸ்பியரும் அவர் ஊராரும்

ஆங்கில ஆட்சியில் நம் நாட்டுக் கலாசாலைகளில் ஷேக்ஸ்பியர் மகாகவியின் நாடகங்களை உருப்போட்டுத் தேறியவர் பல்லாயிரவர். ஆளும் ஜாதியாரின் பெருமைக்கு அவரே சாட்சியாக நமக்குக் காட்டப்பெற்றார். ஆயின், அவரைப் பெற்ற ஊரார் அவருடைய தொழிலை எவ்வாறு மதித்தனர் என்பதைச் சொல்லித்தந்த உபாத்தியாயர் அரியர். அதனையே இன்று நாம் சொல்லப் புகுகின்றோம்.

ஏவன் நதிக்கரையிலுள்ள ஸ்ட்ராட்போர்டு அக்காலத்தில் ஒரு சிறு சந்தைப் பட்டணம். 1564-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி அங்குள்ள திரித்துவ ஆலயத்தில் வில்லியமுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தையார் ஜான், தோல் கையுறை செய்து விற்பவர். 1568-ல் நகரசபையின் தலைமைப் பதவி எய்தினார். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராய்ச் சுற்றிய காலம் அது. வந்தவர்கள் முதலில் நகரத் தலைவர் முன்னிலையில் ஆடிக்காட்டி அனுமதி பெறுவது வழக்கம். ஜானின் தலைமையில் ராணியின் நடிகருக்கு 9 ஷில்லிங்கும், வொர்ஸ்டர் பிரபுவின் நடிகருக்கு 1 ஷில்லிங்கும் நகர நிதியிலிருந்து வழங்கப்பட்டன. அப்போது புதல்வருக்கு வயது ஏறக்குறைய 5.

அப்பாலகர் வளர்ந்து, 18-வது வயதில் மணம் புரிந்து, மூன்று மக்களுக்குத் தந்தையாகி, பின் லண்டன் சேர்ந்து நடிகராகவும் நாடகாசிரியராகவும் கீர்த்தி பெற்ற வரலாறு நேயர்கள் அறிந்ததே. அவர் ஊரை மறக்கவில்லை. நாடகத்தால் ஈட்டிய பொருளை ஊரிலேயே முதலிட்டார். 1597-ல் நியூ பிளேஸ் என்னும் பெரிய இல்லத்தை வாங்கினார். 1602-ல் ஊரை அடுத்து 107 ஏக்கர் நிலத்தை 320 பவுனுக்கு வாங்கினார்.

அதே 1602-ம் வருஷத்தில்தான் நகரசபை ஒரு தீர்மானம் செய்தது. நகர மண்டபத்தில் இனி நாடகம் கூடாது. அனுமதி கொடுக்கும் அங்கத்தினருக்கு 10 ஷில்லிங் அபராதம்! நாடகம் பாவத்தின் வித்து என்று போதித்த பியூரிட்டன் மதக் கொள்கை அவ்வூரில் வேரூன்றிவிட்டது. 1612-ல் அபராதம் 10 பவுனாக உயர்ந்தது. அதாவது 20 மடங்கு. மகன் பணம் இனித்தது. அப்பணத்தைத் தந்த தொழில் கசந்தது.

1616 ஏப்ரல் 23-ல் அவர் காலமானார். ஆலயத்தின் உள்மண்டபத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கவி என்பதற்காகவன்று; 1605-ல் அவ்வாலயத்தைச் சார்ந்த தசமபாக வருமானத்தில் 440 பவுனுக்குப் பங்கு வாங்கியிருந்தமையால் வந்த உரிமை அது.

1622-ல் லண்டனிலிருந்து அரசரின் நடிகர்கள் ஸ்ட்ராட்போர்டு வந்தனர். அவர்கள் வேறு யாருமல்லர். மகாகவி பங்காளியாயிருந்து எழுதிக் கொடுத்த கம்பெனியார். நகரசபை அவர்களுக்கு 6 ஷில்லிங் அளித்தது. எதற்கு? ஆடாமல் போவதற்கு! மறு வருஷமே அக்கம்பெனியைச் சேர்ந்த ஹெமிங்ஸ், கான்டெல் என்னும் இருவர் தம் தோழரின் 36 நாடகங்களைத் திரட்டி லண்டனில் வெளியிட்டனர். அவற்றில் பாதி அதுவரை அச்சேறாதவை. ஊர் விரட்டிய கூத்தாடிகளே கவியைக் காத்தனர். இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது: நாடக மேடைக்கு அஞ்சி 1876-ல் இந்தியாவில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியவர்களும் ஷேக்ஸ்பியரைப் போற்றி வளர்ந்த கனவான்களே.

பின்னும் கேளுங்கள். 1759-ல் நியூ பிளேஸ் இல்லத்துக்கு உடையவராயிருந்த காஸ்ட்ரெல் என்னும் பாதிரியார், பார்க்க வருவோர் தொல்லை பொறாமலும் வரித் தகராறினாலும் அதனை இடித்துத் தள்ளினார். 1769-ல் காரிக் என்னும் புகழ்பெற்ற நடிகர் அங்கே பெருவிழா எடுத்தார். வாணமும் விருந்தும் மழையில் நனைந்தன. மகாகவியின் நாடகம் ஒன்றுகூட அவ்விழாவில் ஆடப்படவில்லை. ஃப்ளவர் என்னும் மதுபான ஆலை முதலாளி நிலமும் பணமும் ஈந்த பிறகே, 1879-ல் அவர் பெயரால் ஆற்றங்கரையில் ஒரு நாடகசாலை எழுந்தது. 1926-ல் அது தீக்கிரையாயிற்று; 1932-ல் புதிய சாலை திறக்கப்பட்டது. அதற்கு வரைபடம் தீட்டியவர் எலிசபெத் ஸ்காட் என்னும் பெண்மணி. அக்கரையில் இன்றும் நாடகம் நடக்கிறது. நாடகத்தை விரட்டிய அவ்வூருக்கு இன்று பிழைப்பும் அதுவே.