தர்கா மரபைக் கேள்வி கேட்ட டெல்டாக்காரர்: யார் இந்த தாவூத் ஷா?

கந்தூரியும் சந்தனக்கூடும் கலந்த காவிரி டெல்டாவில், அதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று ஒருவர் எழுதினால் ஊர் சும்மா விடுமா? கும்பகோணம் பக்கம் கீழ்மாந்தூரில் 1885-ல் பிறந்த பா.தாவூத் ஷா அப்படித்தான் எழுதினார்.

பி.ஏ. முடித்து சப்-மாஜிஸ்திரேட் ஆனவர், ஒத்துழையாமை இயக்க நேரத்தில் வேலையை உதறினார். இங்கிலாந்தின் வோக்கிங் மசூதி வரை போய் வந்தார். 1923-ல் 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையைத் தொடங்கினார். குர்ஆனின் பொருளும் ஜும்ஆ பிரசங்கமும் தமிழில் வேண்டும் என்றார். உலமாக்கள் சிலர் அவரைக் காஃபிர் என்றே முத்திரை குத்தினார்கள்.

ஆனாலும் பத்திரிகை பல ஆண்டுகள் ஓடியது. காரணம் சிம்பிள்: அரபியை ஓதத் தெரிந்து, அர்த்தம் தெரியாமல் இருந்தவர்கள் தாங்களே படித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

1969-ல் ஷா மறைந்தார். 1980-களில் வந்த தவ்ஹீத் பிரசாரம் அவரைப்போல பகுத்தறிவு பேசவில்லை. குர்ஆன், ஹதீஸ் ஆதாரம் கேட்டது. ஆனால், மேடையிலும் கேசட்டிலும் அது ஊருக்குள் நுழைந்ததும் அதே எளிய தமிழில்தான்.