ரொட்டிதான் குற்றவாளி: கோதுமையைக் கூண்டில் ஏற்றிய டச்சு டாக்டர் டிக்கே... யார் இவர்?

டிசம்பர் வந்தால் நெதர்லாந்து வீடுகளில் அடுப்பு அணையவே அணையாது. 5ஆம் தேதி சின்டர்கிளாஸ் பண்டிகைக்கு மசாலா பிஸ்கட், கிறிஸ்துமஸுக்கு பாதாம் விழுது வைத்த திராட்சை ரொட்டி, வருஷக் கடைசி ராத்திரிக்கு எண்ணெயில் பொரித்த ஒலிபோலன். மூன்றிலும் கோதுமை மாவு.

அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்குக் கோதுமையே ஆகாது என்றால்? இன்றைக்கு அது பெரிய பிரச்னை இல்லை. குளூட்டன் இல்லாத மாவு பாக்கெட் வாங்கி, தனிப் பாத்திரம் வைத்து வீட்டில் சமாளித்துவிடுவார்கள். ஆனால் 90 வருஷத்துக்கு முன்னால், அந்தக் குழந்தைக்கு எது ஆகவில்லை என்பதே யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவர்தான் குழந்தைகள் நல மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே.

என்ன நோய் அது?

பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் ஒருவகைப் புரதம்தான் குளூட்டன். பரோட்டா மாவை அடித்து வீசும்போது கிழியாமல் ஜவ்வு மாதிரி இழுபடுகிறதே, அதற்குக் காரணம் இதுதான். சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தை எதிரியாக நினைத்துக்கொண்டு தன் சிறுகுடலையே தாக்க ஆரம்பித்துவிடும். சத்தை உறிஞ்சும் குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிறு மட்டும் உப்பி, கை கால் குச்சியாகி, ஓயாத பேதியில் குழந்தை வாடிப்போகும்.

1887இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். குணமாக வேண்டுமென்றால் அது உணவால்தான் முடியும் என்றும் சொல்லிவிட்டார். எந்த உணவால் என்பதில்தான் குழப்பம். அவர் பார்த்த ஒரு குழந்தை, டச்சுக் கடலில் பிடித்த சிப்பிக்கறியைத் தினமும் சாப்பிட்டுத் தேறியது. சிப்பி சீசன் முடிந்ததும் நோய் திரும்பிவிட்டது. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற டாக்டர் வாழைப்பழத்தை முன்வைத்து ஒரு உணவுமுறை கொண்டுவந்தார். அதில் ரொட்டி கிடையாது, குழந்தைகள் பிழைத்தார்கள். பாராட்டு மொத்தமும் வாழைப்பழத்துக்குப் போய்விட்டது! ரொட்டியை நிறுத்தியதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1930களின் கடைசியில்கூட இந்த நோயோடு வந்த குழந்தைகளில் பத்துக்கு மூன்று பேர் இறந்ததாக லண்டன் மருத்துவமனைக் கணக்கு சொல்கிறது.

31 வயதில் மருத்துவமனைத் தலைவர்

டிக்கே பிறந்தது 1905இல், டோர்ட்ரெக்ட் நகரில். லெய்டனில் மருத்துவம் படித்துவிட்டு, தி ஹேக் நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1936இல் அதே மருத்துவமனைக்கு அவரே தலைமை மருத்துவர் ஆனார். அப்போது வயது 31தான்.

திருப்பம் ஒரு அம்மாவிடமிருந்து வந்தது. தன் குழந்தைக்கு ரொட்டி கொடுப்பதை நிறுத்தினால் தோல் தடிப்பு சட்டென்று குறைகிறது என்று ஒரு இளம் தாய் சொன்னதாக, டிக்கேவுடன் வேலை பார்த்தவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். வேறு டாக்டராக இருந்தால் சரிம்மா, பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கலாம். டிக்கே அதைப் பிடித்துக்கொண்டார். ரொட்டியும் கோதுமையும் இல்லாத சாப்பாட்டைக் கொடுத்து, வருஷக்கணக்கில் குழந்தைகளின் எடையையும் வளர்ச்சியையும் குறித்துவைத்தார். 1941இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். ஆனால் அது டச்சு மொழியில் வந்தது. காலமோ உலகப் போர்க் காலம், நாடோ ஜெர்மனியின் பிடியில். வெளியே யார் படிப்பார்கள்?

பஞ்சம் காட்டிய சாட்சி

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பதிலடியாக, மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதை ஜெர்மானியர்கள் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்துக்கே பசிக் குளிர்காலம் என்று பெயர் வந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் ரேஷன் 600 கலோரிகூட இல்லை. சர்க்கரைக் கிழங்கையும், பூந்தோட்டத்து டூலிப் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். சுமார் 20,000 பேர் இறந்தார்கள்.

ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் மோசமாகவில்லை. சொல்லப்போனால் தேறினார்கள். ரொட்டி கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். பிறகு நிவாரணமாக ரொட்டி வர ஆரம்பித்ததும் அவர்களுக்கு மறுபடி நோய் முற்றியது.

இந்தக் கதையை இணையத்தில் கொஞ்சம் மசாலா சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஸ்வீடன் விமானங்கள் வானத்திலிருந்து ரொட்டி போட்டதாகவும், அதைப் பார்த்துத்தான் டிக்கேவுக்குப் பொறி தட்டியதாகவும் எழுதுவது வழக்கம். உண்மையில் ஸ்வீடனிலிருந்து கப்பலில் வந்தது மாவு. அதை ரொட்டியாகச் சுட்டது டச்சு பேக்கரிகள். டிக்கேவுக்குக் கோதுமை மேல் சந்தேகம் வந்ததும் பஞ்சத்துக்குப் பல வருஷம் முன்பே. பஞ்சம் அவருடைய சந்தேகத்துக்கு ஊரளவில் ஒரு சாட்சியைக் கொடுத்தது.

மலத்தை எடை போட்ட விஞ்ஞானம்

போர் முடிந்ததும் டிக்கே, உட்ரெக்ட்டின் உயிர்வேதியியலாளர் வான் டி காமர், குழந்தைகள் நல மருத்துவர் வெய்யர்ஸ் ஆகியோருடன் கைகோத்தார். மலத்தில் கொழுப்பு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்க வான் டி காமர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குடல் சத்தை உறிஞ்சவில்லை என்றால் கொழுப்பு அப்படியே வெளியே வந்துவிடும் இல்லையா? குழந்தைகளுக்குச் சில நாள் கோதுமை கொடுத்து அளந்தார்கள், நிறுத்தி அளந்தார்கள். இன்றைய கண்ணால் பார்த்தால் கொஞ்சம் சங்கடமான சோதனைதான். ஆனால் முடிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கோதுமை, ரை கொடுத்தால் கொழுப்பு எகிறியது. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. கோதுமையைப் பிரித்துப் பார்த்தபோது அதன் ஸ்டார்ச் குற்றமற்றது, குளூட்டன்தான் வில்லன் என்பதும் தெரிந்தது.

1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதையே டிக்கே முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். அதுவும் டச்சு மொழியில்தான். 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழு தனியாகச் சோதித்து, டிக்கே சொன்னது சரி என்று லான்செட் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

1957இல் உட்ரெக்ட்டில் பேராசிரியர் பதவியும், வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பும் கிடைத்தன. டச்சு இரைப்பை, குடல் மருத்துவச் சங்கம் அவர் பெயரிலேயே தங்கப் பதக்கம் உருவாக்கி, முதல் பதக்கத்தை அவருக்கே கொடுத்தது. 1962இல் காலமானார். வயது 57தான்.

இன்றைய சமையலறையில்...

சீலியாக் நோய்க்கு டிக்கே சொன்ன சாப்பாடுதான் இன்றும் அடிப்படை சிகிச்சை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், குளூட்டன் இல்லாதது என்று லேபிள் ஒட்டக்கூடாது. இந்தியாவிலும் இதே விதிதான். வட இந்தியாவில் 1.23% பேருக்கு சீலியாக் இருக்கிறது, தென்னிந்தியாவில் 0.10% பேருக்குத்தான் என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சோறு சாப்பிடும் ஊர் என்பதால் தப்பித்தோம் என்று விட்டுவிட முடியாது. நம்ம சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும்.

பண்டிகை விருந்தில் பிரச்னை கேக்கில் வருவதில்லை, அதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். கிரேவியைக் கெட்டியாக்க ஒரு ஸ்பூன் மைதா, கோழிக்குள் அடைக்கும் ரொட்டித்தூள், கோதுமை சேர்த்த சோயா சாஸ், ரொட்டி வெட்டிய அதே கத்தி, இதெல்லாம்தான் மாட்டிவிடும். மைதாவுக்குப் பதில் சோள மாவு, ஊறவைத்த இறைச்சிக்குப் பதில் உப்பு, மிளகு தடவியது என்று மாற்றிக்கொண்டால் வீட்டில் எல்லோருமே ஒரே சாப்பாடு சாப்பிடலாம்.

நெதர்லாந்தில் கிறிஸ்துமஸ் ராத்திரி மேஜை நடுவில் சூடான தட்டு வைத்து, ஆளுக்கொரு குட்டி வாணலியில் அவரவரே சமைத்துக்கொள்வது வழக்கம். சீலியாக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரே ஒரு ஏற்பாடு கூடுதல். அந்தக் குழந்தையின் வாணலிக்கு அடையாளம் வைத்துவிடுவார்கள், வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.