மீண்டும் வாராமல்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடுதோறும் வழங்கப்பட்ட மாத்திரை டைஎத்தில்கார்பமசைன். அதனைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். புற்றுநோய் மருத்துவத்திலும் புதிய வாயிலைத் திறந்தவர் அவர்.

1895 சனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. குடல்நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அமெரிக்கா சென்ற அவர், மருத்துவமனையில் கடைநிலைப் பணியாற்றியவாறே ஹார்வர்டில் பயின்றார். 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அங்கு அவர்தம் குழு, அக்குடல்நோயைத் தீர்க்கவல்ல ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உயிரணுக்கள் பெருகுவதற்கு இச்சத்து இன்றியமையாதது. இதனைப் போன்றே தோன்றி, உயிரணுவை ஏமாற்றிப் பெருக்கத்தைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளும் அங்கேயே பிறந்தன. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரினை அளித்தார். 10 குழந்தைகள் நலம் பெறத் தொடங்கினர். ஆயினும், அந்நலம் நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. அப்புதிருக்கு விடை காணுமுன்னரே, 1948 ஆகஸ்டில் தம் 53ஆம் அகவையில் சுப்பாராவ் மறைந்தார்.

விடை, 1960களில் வலுப்பெற்ற கூட்டு மருந்து முறையில் கிடைத்தது. ஒரு மருந்துக்குத் தப்பிய உயிரணு மற்றொன்றுக்குத் தப்புவது அரிது. ஆகவே, வெவ்வேறு வகையில் தாக்கும் மருந்துகளை மருத்துவர்கள் ஒருங்கே அளித்தனர். கடலோர மணற்பாங்கில் தானே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட்டுடன் இணைந்தது. நோய்க்குறி மறைந்த பின்னரும் மருந்தளிப்பது தொடர்ந்தது. நிணநீர்ப் புற்றுநோயின் சில வகைகளில், மூளையில் நோய் மீளாதிருக்கத் தண்டுவட நீரிலும் மெத்தோட்ரெக்சேட் செலுத்தப்படுகிறது.

பட்டம் மறுக்கப்பட்ட மாணவர் கண்ட மருந்து, இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அவர் பெயரை அறியாத எண்ணற்றோர் அதனால் உயிர் வாழ்கின்றனர்.