எம்.ஜி.ஆரின் கையில் சுழன்ற கம்பு

கும்பகோணம் ஆனையடிப் பள்ளியில் சிறிது காலம் படித்து, வறுமையால் படிப்பை விட்ட சிறுவன் ஒருவன் பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சரான கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். 1917இல் இலங்கையில் பிறந்த எம்.ஜி.ராமச்சந்திரனின் வாழ்க்கையில் நாம் இங்கே பின்தொடர விரும்புவது ஒரு மூங்கில் கம்பை மட்டுமே.

தந்தை இறந்தபின் தாய் சத்தியபாமா இரு மகன்களோடு குடந்தையில் வந்து தங்கினார். பசி பிள்ளைகளை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் குழுவுக்கு அனுப்பியது. அத்தகைய குழுக்களில் பாட்டு, வசனம் ஆகியவற்றோடு கத்திச்சண்டையும் கம்புச் சுற்றும் பாடங்களே. 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடத்தில் தோன்றியவர், கதாநாயகனாவதற்கு 1947இன் 'ராஜகுமாரி' வரை காத்திருந்தார்.

அவர் காத்திருந்த அதே ஆண்டுகளில் தஞ்சை வயல்களில் வேறொரு கம்பு உயர்ந்துகொண்டிருந்தது. பண்ணையாட்களைச் சாட்டையால் அடிப்பதும் சாணிப்பால் குடிக்கவைப்பதும் மிராசுதார்களின் வழக்கமான தண்டனைகள். அடித்தால் திருப்பி அடிக்கச் சொல்லிக்கொடுத்தார் பி.சீனிவாசராவ். செங்கொடியைத் தாங்கிய கம்பு தற்காப்புக்கும் உதவியது. சிலம்பம் டெல்டாவில் பல சாதியாரிடமும் உண்டு. சேரிகளிலோ அது பறையோடு சேர்ந்தே வளர்ந்தது. பொங்கலிலும் அம்மன் திருவிழாவிலும் சாவு ஊர்வலத்திலும் கம்பு சுற்றினார்கள். கற்றுக்கொடுப்பவருக்கு வாத்தியார் என்று பெயர். அவரும் பகலில் கூலிக்கு நடவு வயலில் நின்றவர்தான். அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

எழுதியது யாரைப் பற்றி என்பது நமக்குத் தெரியும். ஐம்பதுகளில் டென்ட் கொட்டகைகள் கிராமங்கள்தோறும் எழுந்தன. தரை டிக்கெட் எடுத்து மணலைக் குவித்து உட்கார்ந்த உழைப்பாளிக்கு, அடிப்பவனை நோக்கித் திருப்பி வீசப்பட்ட கம்பு வெறும் வேடிக்கை அல்ல. பகலில் தன்னால் முடியாததை இரவில் ஒருவர் செய்துகாட்டினார். 'பெரிய இடத்துப் பெண்' (1963) சிலம்பத்தை ஏழைக்கும் பணக்காரனுக்குமான மோதலாகவே வைத்தது. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு வீசும் நாயகனைக் காட்டியது. அப்படத்துக்காக அவர் தேசிய விருதும் பெற்றார். சினிமா இதழ்களும் காலண்டர்களும் சுவரொட்டிகளும் அந்த உடலையும் அந்தக் கம்பையும் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. சிலம்பம் கற்க இளைஞர்கள் ஆசைப்பட்டதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு; அதை மறுப்பது நேர்மையாகாது.

அந்தப் புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. வாத்தியார் என்ற சொல்லே இடம்பெயர்ந்தது. ரசிகர்கள் எம்.ஜி.ஆரை வாத்தியார் என்று அழைக்கத் தொடங்கியபின், சேரியின் வாத்தியார் தம் பெயரையும் சேர்த்து இழந்தார். கலை பரவியது, கலைஞர் மறைந்தார்.

இந்த இழப்பின் தெளிவான முகம் 1956இல் வெளிவந்த 'மதுரை வீரன்'. அருந்ததியர் தம் முன்னோனாகப் போற்றும் வீரன் அவன். செருப்புத் தைக்கும் தம்பதியாக என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்தனர், ஆனால் அவர்கள் வளர்ப்புப் பெற்றோர் மட்டுமே. படத்தின் வீரன் பிறப்பால் அரசகுமாரன். அரசப் பிறப்புக் கதை அச்சிட்ட கதைப்பாடல்களிலும் உண்டு. திரைப்படம் அதையே ஊரறிந்த உண்மையாக நிலைநிறுத்திவிட்டது. போர்த்திறன் அரச ரத்தத்திலிருந்து வரவேண்டும் என்ற எண்ணத்தை ஒடுக்கப்பட்டோரின் கைதட்டலோடே திரை பதியவைத்தது. மாறுகால் மாறுகை வாங்கப்படும் காட்சியில் அழுத சேரிப் பெண்கள் தம் பிள்ளைக்காகவே அழுதார்கள் என்று நாம் கருதுகிறோம். அந்த அழுகையை அரசகுமாரனால் பறிக்க முடியவில்லை.

1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டு டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். மிராசுதார்களை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. அதே மாலையில் மிராசுதார் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கிலோ தொழிலாளர்கள் தண்டனை பெற்றனர். திருப்பி அடிக்கும் கை திரையில் இருந்தால் விசில், வயலில் இருந்தால் சிறை.

அவர் 1972இல் தனிக்கட்சி கண்டு, 1977 முதல் முதலமைச்சரானார். டெல்டாவின் ஏழைகள் பலர் அவருக்கு வாக்களித்தார்கள். அதை அறியாமை என்று எள்ளுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. தம் பக்கம் கம்பெடுத்த ஒரே முகமாக அவர்களுக்குக் காட்டப்பட்டது அதுதான்.

1987 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தார். மறுநாள் மெரினாவில் அடக்கம். நாடெங்கும் செய்திகள் அந்த ஊர்வலத்தையே பேசின. அது வெண்மணியின் 19ஆம் நினைவு நாளாகவும் இருந்தது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. இனி அதற்குச் சான்றிதழும் பயிற்சியாளர் பதவியும் வரும்போது, சாவு ஊர்வலத்தில் பறைக்கு முன்னால் கம்பு சுற்றும் வாத்தியாருக்கு அந்தப் பதவிக்கான விண்ணப்பம் போய்ச் சேருமா என்றே நாம் கேட்கிறோம்.