பத்தாயிரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்



1 டெஸ்லா என்றால் 10,000 காஸ். வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் டிசைன் பார்க்கிறவர்கள் காந்தப் பாய அடர்த்தியை டெஸ்லாவில் பேசுவோம். காந்தம் விற்கிறவர் காஸில் பட்டியல் நீட்டுவார். நாலு சைபரைச் சேர்ப்பதும் எடுப்பதும்தான் நமக்குத் தெரிந்த காஸ். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி நம் மலரில் கொஞ்சம் பேசலாமே என்று தோன்றியது.

கார்ல் ஃபிரெடரிக் காஸ் 1777 ஏப்ரல் 30-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். அப்பா கொத்து வேலை, தோட்ட வேலை என்று கிடைத்ததைச் செய்தவர். பையனின் கணக்குத் திறமை அந்த ஊர்க் கோமகனின் காதுக்கு எட்டியது. படிப்புக்கு அவரே பணம் கொடுத்தார். நம்ம பாஷையில் சொன்னால் ஸ்காலர்ஷிப். 18 வயதில், 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் காம்பஸும் வைத்தே வரைய முடியும் என்று நிரூபித்தார். 1801-ல் வானியலாளர்கள் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த சீரஸ் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் சொன்ன பக்கம் பார்த்தார்கள், இருந்தது!

வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. 1806-ல் நெப்போலியனோடு நடந்த போரில் காயம்பட்டுக் கோமகன் இறந்துபோனார். 1807-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வானாய்வகப் பொறுப்பு கிடைத்தது. 1809-ல் மனைவி இறந்தார். 1831-ல் இரண்டாவது மனைவியும் போய்விட்டார். அதே வருஷம்தான் வில்ஹெல்ம் வெபர் என்ற இளைஞர் கோட்டிங்கனுக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தார். காஸுக்கு வயது 54, வெபருக்கு 27. சரிபாதி! இருவரும் சேர்ந்து காந்தத்தில் இறங்கினார்கள்.

அன்றைக்கு இருந்த சிக்கலைக் கேளுங்கள். பூமியின் காந்த வலிமையை அளக்க, ஒரு ஊசியை ஊர் ஊராக எடுத்துப்போய் ஆடவிட்டு, எத்தனை வினாடிக்கு ஒருமுறை ஆடுகிறது என்று பார்ப்பார்கள். வேகமாக ஆடினால் வலிமை அதிகம். ஆனால் ஊசியே நாளாக ஆக வலுவிழக்கும். மாறியது பூமியா ஊசியா என்று எப்படிச் சொல்வது? ஊசி போனால் அத்தனை அளவும் போச்சு.

1832-ல் காஸ் வழி கண்டுபிடித்தார். ஒரு காந்தத்தைத் தொங்கவிட்டு ஆடவிட்டால், அதன் ஆட்டக் காலம் காந்தத்தின் வலிமையையும் பூமியின் வலிமையையும் பெருக்கினால் வரும் எண்ணைத் தருகிறது. அதே காந்தத்தை வேறொரு ஊசிக்குப் பக்கத்தில் வைத்தால், ஊசி விலகும் கோணம் இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத் தருகிறது. பெருக்கலும் தெரியும், வகுத்தலும் தெரியும். அப்புறம் என்ன, காந்தம் கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது! மிஞ்சுவது பூமியின் வலிமை மட்டும். அதுவும் நீளம், எடை, நேரம் என்ற மூன்றே அலகுகளில். உலகத்தின் எந்த மூலையிலும், எந்தக் காந்தத்தை வைத்தும் அதே அளவையைச் செய்து ஒப்பிடலாம். பள்ளி லேபில் டிஃப்ளெக்‌ஷன் மேக்னடோமீட்டரோடு மல்லுக்கட்டினோமே, அது இந்த வழியில் வந்ததுதான்.

மில்லிமீட்டர், மில்லிகிராம், வினாடி என்ற அலகுகளில் கோட்டிங்கனின் கிடைத்தள வலிமை அவருக்கு 1.78 என்று வந்தது. பிறகு வந்த சென்டிமீட்டர், கிராம் முறையில் அது 0.178 காஸ். இன்றைய முறையில் 17.8 மைக்ரோடெஸ்லா. (அவர் அளந்தது புல வலிமை; காற்றில் காஸ் கணக்குப்படி அதற்கும் பாய அடர்த்திக்கும் ஒரே எண்தான், இரும்புக்குள்தான் விலகும்.) எண் மூன்று தடவை சட்டை மாற்றியும் உள்ளே இருக்கும் அளவு அப்படியே இருக்கிறது பாருங்கள். பழைய ஊசிக்காரர்களின் அளவுகளை இப்படி மாற்ற முடியாது.

1833-ல் காஸும் வெபரும் வானாய்வகத்துக்கும் இயற்பியல் கூடத்துக்கும் நடுவே கம்பி இழுத்துத் தந்தியும் அனுப்பினார்கள். நல்லாப் போய்க்கொண்டிருந்தது. 1837-ல் ஹனோவரின் புது மன்னர் அரசியல் சட்டத்தை ரத்து செய்தார். ஏழு பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஏழு பேருக்கும் வேலை போனது. அதில் ஒருவர் வெபர், இன்னொருவர் காஸின் மருமகன். காஸ் கையெழுத்துப் போடவில்லை. ஆதரித்தவரைப் போரில் பறிகொடுத்தவருக்கு அந்த வயதில் துணிச்சல் வரவில்லையோ என்னவோ. அவரை எவ்வளவு மதித்தாலும் இந்த இடம் எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. வெபர் 1849-ல் கோட்டிங்கனுக்குத் திரும்பினார். 1855 பிப்ரவரி 23-ல் காஸ் காலமானார்.

இன்றைய எஸ்.ஐ. முறையில் காஸின் பெயரில் அலகே இல்லை. காந்தப் பாயத்தின் அலகு வெபர். ஒரு சதுர மீட்டருக்கு 1 வெபர் என்றால், 1960-ல் பெயர் வைத்தபடி, 1 டெஸ்லா. 1 வெபர் பழைய கணக்கில் 10 கோடி மேக்ஸ்வெல். சதுர மீட்டருக்கு 10,000 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 10,000 காஸ். நாலு சைபர் வந்த வழி இதுதான்.

ஜூனியர்களுக்கு ஒரே வேண்டுகோள்: ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள், பக்கத்திலேயே அலகையும் எழுதிவிடுங்கள். பின்னால் வருகிறவர் மாற்றிப் போட்டுக்கொள்வார்.