பீரங்கிக்கும் சட்டம் உண்டு!

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்பார்கள். போர் என்று வந்துவிட்டால் இதுதான் நியாயம், வேறு நியாயம் கிடையாது என்று பேசுவோர் இன்றும் உளர். ஆனால், எந்த உரிமையில் படையெடுத்தாய் என்று அரசனையே நிறுத்திக் கேட்கும் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு அடித்தளமிட்டோர் வரிசையில் முன்னே நிற்பவர், ஹாலந்து நாட்டு வழக்கறிஞர் ஹூகோ குரோஷியஸ். அவர் கதையைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அதிலே பெருமையும் உண்டு, கறையும் உண்டு. இரண்டும் நமக்குப் பாடம்தான்.

1583-இல் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். 11 வயதில் லெய்டன் பல்கலைக்கழகம். 15 வயதில் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றியிடம் சென்ற தூதுக்குழுவிலே இடம். அறிவுக்குக் குறைவில்லை. அந்த அறிவை அமர்த்திக் கொண்டது யார்? கம்பெனி! டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி.

1603-இல், சிங்கப்பூரை அடுத்த கடலில், போர்ச்சுகீசியரின் சாந்தா கத்தரீனா என்ற பெருங்கப்பலை டச்சுக்காரர் தாக்கிப் பிடித்தனர். அதிலிருந்த பட்டும் பீங்கானும் ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கு மேல் விலைபோயின. இது கொள்ளையா, முறையான போர்ப்பொருளா? முறையானதே என்று வாதாடுவதற்குக் குரோஷியஸ் பேனா எடுத்தார். அந்த வாதத்தின் ஒரு பகுதி 1609-இல் சுதந்திரக் கடல் என்ற நூலாக வந்தது. கடல் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல என்றார். ஜாவாவுக்கும் இலங்கைக்கும் சொந்த அரசர்களும் சொந்தச் சட்டங்களும் உண்டு, அங்கே போர்ச்சுகீசியருக்கு ஏது பாத்தியதை என்றும் கேட்டார்.

நல்ல கேள்வி! ஆனால் கம்பெனியின் கை ஓங்கியதும் என்ன நடந்தது? 1613-இல் ஆங்கிலேயர் அதே நியாயத்தைக் காட்டி, எங்களுக்கும் வழி விடு என்றபோது, இலண்டன் சென்று எதிர்வாதம் செய்தவரும் இதே குரோஷியஸ்தான். தீவுமக்கள் செய்த ஒப்பந்தப்படி வாசனைச் சரக்கு கம்பெனிக்கே உரியது என்றார். அத்தகைய ஒப்பந்தங்களைச் சாக்காக்கி, 1621-இல் கம்பெனியின் படை பாண்டா தீவுகளில் புகுந்தது. ஜாதிக்காய் வாணிபத்துக்காக அம்மக்களைக் கொன்று குவித்தது. சட்டம் பணப்பெட்டிக்கு ஊழியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 1621-இல் அந்தச் சட்ட அறிஞர் எங்கே இருந்தார்? சிறையில்! சமயச் சச்சரவும் பதவிப் போட்டியும் கலந்த பூசலில், இளவரசர் மாரிஸ் அவரை 1618-இல் கைது செய்தார். அவருடைய தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் தலை வெட்டுண்டு மாண்டார். குரோஷியசுக்கு ஆயுள் தண்டனை. லூவஸ்டைன் கோட்டையில் அடைப்பு. படிப்பதற்குப் புத்தகங்கள் பெட்டியில் வரும், போகும். மனைவி மரியா அதைக் கவனித்தார். ஒருநாள் புத்தகத்துக்குப் பதில் கணவரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். காவல் சிப்பாய்களே அதைச் சுமந்து வெளியேற்றினர்! உடன்சென்று காத்தவள் ஒரு பணிப்பெண். பிறகு கொத்தனார் வேடம் பூண்டு எல்லை கடந்து, பாரிஸ் சேர்ந்தார். உழைப்பாளியின் உடைதான் அறிஞரைக் காப்பாற்றியது!

ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் மூண்டிருந்த நேரம் அது. ஊர்கள் எரிந்தன, உழவர்கள் மடிந்தனர். நாடிழந்த நிலையில், 1625-இல் போரும் அமைதியும் பற்றிய சட்ட நூலை வெளியிட்டார். போருக்கு நியாயமான காரணம் வேண்டும் என்றார். தாக்கியவனைத் தடுப்பது நியாயம். அண்டை நாடு வலுப்பெறுகிறது என்ற அச்சம் மட்டும் நியாயமாகாது. வளமான மண் மேல் ஆசை நியாயமாகாது. உன் நன்மைக்கே உன்னை ஆளுகிறேன் என்பதும் நியாயமாகாது. போரிலும் பெண்கள், குழந்தைகள், உழவர்கள், கைதிகள் ஆகியோரை வதைக்கலாகாது என்று வற்புறுத்தினார். அநியாயப் போர் என்று அறிந்தால், குடிமகன் ஆயுதம் ஏந்த மறுக்கவேண்டும் என்றும் எழுதினார். தோழர்கள் இதைக் குறித்துக்கொள்க!

குறையே இல்லையா? உண்டு. குற்றம் செய்த நாட்டைத் தண்டிக்கவும் படையெடுக்கலாம் என்றார். அந்தக் கதவு வழியே பின்னாளில் ஏகாதிபத்தியங்கள் தாராளமாக நுழைந்தன. அடிமை முறையையும் அவர் அடியோடு மறுக்கவில்லை.

பிற்காலத்தில் ஸ்வீடனின் தூதராகப் பாரிசில் பணிபுரிந்தார். 1645-இல் கடற்பயணத்தில் கப்பல் உடைந்து, கரையேறி, நலிந்து, ரோஸ்டாக் நகரில் கண்மூடினார். உடல் பிறந்த ஊர் சேர்ந்தது.

அவர் திறந்துவைத்த கதவை மூட உலகம் மூன்று நூற்றாண்டு எடுத்துக்கொண்டது. 1928-இல் பாரிஸ் ஒப்பந்தம் போரை அரசியல் கருவியாகக் கொள்வதைக் கைவிடச் செய்தது. 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனம் பிறநாட்டின் மீது படைபலத்தைப் பிரயோகிப்பதையும், அப்படி மிரட்டுவதையும் தடைசெய்தது. விலக்கு இரண்டே: ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாட்டின் தற்காப்பு, பாதுகாப்புச் சபையின் அனுமதி.

சட்டம் ஏட்டில் இருக்கிறது, பீரங்கி நின்றுவிட்டதா என்று கேட்கலாம். நிற்கவில்லை. 2003-இல் இராக் மீது படை பாய்ந்தது. பாதுகாப்புச் சபை அதற்கென அனுமதி தரவில்லை. காரணம் காட்டிய பேரழிவு ஆயுதக் குவியலும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் வல்லரசுக்கும் இருந்தது. காரணம் சொன்னதால்தான் பொய் அம்பலமாயிற்று!

போர்க்களத்தில் சாகிறவன் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆகவே, தாக்கியது யார், அனுமதித்தது யார், ஆதாயம் யாருக்கு என்ற மூன்று கேள்விகளையும் வழக்கறிஞர்களுக்கு மட்டும் விட்டுவிட முடியாது. ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் அவை கேட்கப்படட்டும்!