அசையாம படுங்க!

வீட்ல யாரையாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? உள்ளே அனுப்பும்போது கண்டிப்பா ஒண்ணு சொல்வாங்க: அசையக் கூடாது. ஏன்? அதற்கு, நம்மளை மாதிரியே இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தரைப் பற்றித் தெரிஞ்சுக்கணும்.

எட்வர்ட் பர்செல். 1912-ல் அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் டெய்லர்வில் ஊரில் பிறந்தார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் படிச்சார். ஆனா மனசு ஃபிசிக்ஸ் பக்கம் சாய்ந்தது. 1938-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம்.

இரண்டாம் உலகப்போரின்போது எம்.ஐ.டி.யில் ரேடார் வேலை. அங்கே 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு ரேடார் உருவாக்கினாங்க. காற்றில் உள்ள நீராவி அந்த அலையை விழுங்கிடுச்சு! ரேடாருக்கு அது பெரிய தலைவலி. போர் முடிந்ததும் பர்செல் தேடினதும் ஒரு விழுங்கலைத்தான்: காந்தப்புலத்தில் இருக்கும் புரோட்டான் ரேடியோ அலையை விழுங்குமா?

1945 டிசம்பர். டோரி, பவுண்ட் என்ற ரெண்டு நண்பர்களோட, வேலை நேரம் போக மீதி நேரத்தில் பாரஃபின் மெழுகை வெச்சு சோதனை. முதல் முயற்சியில் ஒண்ணுமே வரலை. அடுத்த முயற்சியில் சிக்னல் கிடைத்தது. அதே சமயம் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் தனியா இதையே கண்டுபிடிச்சார். 1952-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு.

இப்போ நம்ம கேள்விக்கு வருவோம். புரோட்டானைப் பம்பரமா நினைச்சுக்கோங்க. காந்தப்புலம் கூடினா அதன் தலைசுற்றல் வேகமும் கூடும். புலம் இடத்துக்கு இடம் மாறினா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் சுற்றி ஃபேஸ் கலைந்துவிடும். 1950-ல் எர்வின் ஹான் இன்னொரு பல்ஸ் கொடுத்து கலைந்ததைத் திரும்பச் சேர்த்தார். அதுதான் ஸ்பின் எக்கோ. கிரவுண்டில் ஓடுறவங்க விசில் அடிச்சதும் அதே வேகத்தில் திரும்பி ஓடினா, எல்லாரும் ஒரே நேரத்தில் கோட்டுக்கு வந்துடுவாங்க இல்லையா? அதே கதைதான். ஆனா நடுவில் ஒருத்தரோட வேகம் மாறிட்டா கணக்கு தப்பிடும். புரோட்டான் இடம் மாறினா நடப்பதும் அதுதான்.

தண்ணீரில் மூலக்கூறுகள் சும்மா இருக்காதே! அலைந்துகொண்டே இருப்பதால் எக்கோ சுருங்குது. 1954-ல் பர்செலும் அவரோட மாணவர் ஹெர்மன் காரும் அடுத்தடுத்து பல்ஸ் கொடுத்து அந்தப் பாதிப்பைக் குறைச்சாங்க. அதோட நிறுத்தலை. எக்கோ எவ்வளவு சுருங்குதுன்னு பார்த்து, தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமா பரவுதுன்னே அளந்துட்டாங்க. தொந்தரவே அளவுகோல் ஆச்சு!

எம்.ஆர்.ஐ. மெஷின் சிக்னல் எந்த இடத்திலிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க ஃபேஸையும் நம்பியிருக்கு. நீங்க அசைந்தா ஃபேஸ் மாறி, படத்தில் பேய் மாதிரி நிழல் பிம்பங்கள் வரும். ஆனா உங்க ரத்தத்தை யார் அசையாதேன்னு சொல்ல முடியும்? அதற்கும் வழி இருக்கு. எதிரெதிர் திசையில் ரெண்டு கிரேடியன்ட் கொடுத்தா, நிற்கும் திசுவின் ஃபேஸ் மாற்றம் பூஜ்யம் ஆகிடும். ஓடும் ரத்தத்தில் வேகத்துக்கு ஏற்ப மிஞ்சும். இதய வால்வில் கசிவு எவ்வளவுன்னு இன்னைக்கு இப்படியும் கணக்கிடுறாங்க.

பர்செல் 1997-ல் இறந்தார். நம்மில் பலர் அப்போ பிறக்கவே இல்லை. அடுத்த தடவை லேப்ல ரீடிங் சொதப்பினா, உடனே அழிச்சுடாதீங்க. எது அதைச் சொதப்ப வைக்குதுன்னு ஒரு நிமிஷம் பாருங்க.